வேண்டிக்கொள்ளாத மொட்டை

வடபழனி கோயிலில் மொட்டை போடும் மண்டபம். தரையெல்லாம் ஈரம். கால் வைக்க இடம் பார்த்துத் தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் கோமதி, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு டோக்கன். எண் அறுபத்து மூன்று. உள்ளே ஐம்பத்து நாலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதக் காலை அது. நனைந்த முடியின் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து அடித்தன. ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அதன் தாய்மாமன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கோமதிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டுப் பின்னாமல் வந்திருந்தாள். நுனியில் மட்டும் ஒரு முடிச்சு. பெஞ்சில் படக்கூடாதென்று அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பிடித்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முழுசாக ஆறு வாரம்கூட இல்லை. அந்த முடியை அவள் எடுக்கப் போவது என்னால்தான். நான் சொன்ன ஒரு பொய்யால்தான். அது அவளுக்குத் தெரியாது. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் எனக்கு. சொல்லாவிட்டால் இன்னும் ஒன்பது பேருக்குப் பிறகு அவள் எழுந்து போய்ப் பலகையில் உட்கார்ந்துவிடுவாள்.

ஐம்பத்து ஐந்து என்று கூப்பிட்டார்கள்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகக் கடையைப் பற்றி எழுதினேன், தெருவைப் பற்றி எழுதினேன், தீபாவளிக் கூட்டத்தைப் பற்றி எழுதினேன். என் தலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்துபோனதால் அல்ல. தைரியம் வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தாத்தா படத்தில் இருக்கும் முடி

எங்கள் ஜவுளிக்கடை தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கல்லாவுக்கு மேலே, மாலை போட்டுத் தாத்தா படம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். படத்தில் அவருக்கு அடர்த்தியாக முடி. வகிடு எடுத்துப் படிய வாரியிருக்கும்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தைத் துடைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு முடியும் ஒரே கனத்தில் இருந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் போட்டது என்றார். தாத்தாவுக்கு இருபத்தெட்டு வயதிலேயே உச்சியில் ஒன்றும் கிடையாதாம்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இருபத்திரண்டில் கொட்ட ஆரம்பிக்கும். இருபத்தைந்தில் உச்சி தெரியும். முப்பதில் காதோரம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. சொத்து பிரிப்பதில் சண்டை வந்திருக்கிறது, இதில் மட்டும் எல்லாருக்கும் சரி பாகம்.

தாத்தா பிரஷ்ஷால் மறைத்தார். பெரியப்பா சாமியை வைத்து மறைத்தார். அவருக்குப் பெண் பார்த்த சமயம் உச்சி வெளியே வந்துவிட்டது. மனுஷன் திருச்செந்தூர் போய் ஒரு மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கேட்டவர்களிடமெல்லாம் வேண்டுதல் என்றார். பெண் வீட்டார் பையனுக்கு எவ்வளவு பக்தி என்று சொல்லி உடனே தட்டை மாற்றிவிட்டார்கள்.

அதிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டார்கள். முடி வளர்ந்து உச்சியின் வட்டம் தெரிவதற்குள் அடுத்த கோயில். பழனி, திருத்தணி, குலதெய்வம், மறுபடி திருச்செந்தூர். எங்கள் குடும்பத்தின் பக்தியை மேற்கு மாம்பலத்தில் பெருமையாகப் பேசினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான், இவருக்கு மட்டும் ஏன் வேண்டுதல் முடியவே மாட்டேன் என்கிறது என்று பெரியம்மாவுக்குச் சந்தேகமே வந்ததாம்.

எனக்குக் கொட்ட ஆரம்பித்ததும் பெரியப்பா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“ஏல குமாரு, சொட்டைன்னா சிரிப்பான். மொட்டைன்னா வழி விடுவான். சொல்லுததைக் கேளு.”

நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா, எனக்கு வேறு வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கறுப்புப் பொடி

பட்டுப் பிரிவில் எனக்கு வேலை. வெள்ளை மெத்தை மேல் நாங்கள் உட்கார்ந்து புடவையை விரித்துப் போடுவோம். வாங்க வருகிறவர்கள் நின்றுகொண்டோ பெஞ்சில் உட்கார்ந்தோ குனிந்து பார்ப்பார்கள். தலைக்கு நேர் மேலே ட்யூப் லைட். நாலு பக்கமும் கண்ணாடி. சொட்டை விழுகிறவனுக்கு இதைவிடப் பாழாய்ப்போன வேலை இந்த ஊரில் கிடையாது. நான் புடவையின் முந்தானையை விரிப்பேன். பார்க்கிறவர்களின் கண் என் உச்சியில் இருப்பது எனக்கு எதிர்க் கண்ணாடியில் தெரியும்.

காலையில் எழுந்ததும் தலையணையைத்தான் முதலில் பார்ப்பேன். உதிர்ந்த முடி பத்துக்குள் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். சின்ன வெங்காயச் சாறு தடவிப் பார்த்தேன். பட்டில் வாடை ஏறுகிறது என்று அப்பா இரண்டு வாரம் என்னைக் கீழே லுங்கிப் பிரிவுக்கு அனுப்பினார். செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, யாரோ சொன்ன ஏதோ ஒரு தழை, எல்லாம் அரைத்துப் பூசினேன். தலை பச்சையானதுதான் மிச்சம்.

அடையாறில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். சின்னக் கேமரா ஒன்றைத் தலையில் வைத்து, சுவரில் இருந்த டி.வி.யில் காட்டினார்கள். என் மண்டை அவ்வளவு பெரிசாகத் தெரிந்ததைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கையை விட்டால் காணாமல் போய்விடும் அளவுக்கு முடி. அதற்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அப்பாவுக்கு முடி எப்படி என்று கேட்டார். மொட்டை என்றேன். வேண்டுதலா என்றார். ஆமாம் என்றேன். டாக்டரிடமே பொய் சொன்னேன் என்றால் எங்கள் வீட்டு வளர்ப்பு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் நம்பி ஏதோ எழுதிக்கொண்டார்.

காலை மாலை இரண்டு வேளையும் சொட்டு மருந்து. இருக்கிறது கொஞ்ச நாள் நிற்கும், போனது எல்லாம் வராது என்று அவர் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் ஒரு நண்பன் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தான். கறுப்புப் பொடி. மிளகுத்தூள் போடுவதுபோல உச்சியில் தூவினால் இருக்கிற நாலு முடியில் ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும். வியர்க்கக் கூடாது, காற்று படக் கூடாது. சென்னையில் இந்த இரண்டு நிபந்தனையோடு ஒருவன் எப்படி வாழ்வது? வாழ்ந்தேன், இரண்டு வருஷம்.

அந்தப் பொடியோடுதான் கோமதியைப் பெண் பார்க்கப் போனேன். வைகாசி மாதம். மயிலாப்பூரில் அவர்கள் வீடு. கீழே அவள் அப்பாவின் பாத்திரக்கடை, மேலே குடித்தனம். அவர்களும் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான். என்னைச் சரியாக ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். எனக்குச் சளி, ஃபேனை நிறுத்தினால் நல்லது என்றேன். மாமா, அதாவது அவள் அப்பா, தானே எழுந்து போய் நிறுத்தினார். பத்துப் பேர் அந்த வெயிலில் வெந்தார்கள்.

கோமதி அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கண்ணாடி போட்டிருந்தாள். காபியைக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு வேர்க்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்துக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இறங்கியது. கைக்குட்டையால் ஒற்றினேன். கறுப்பாக வந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தா

ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஆனியில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. நான் போய் நின்றேன். மூன்று நாள் அங்கேயேதான் கிடந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மனசாரத்தான் இருந்தேன்.

ஆனால் பொடி டப்பா வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் புழுக்கம். முதல் நாளே சட்டைக் காலரில் கறுப்பு இறங்கிவிட்டது. பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தேன். உச்சி பளிச்சென்று தெரிந்தது. வெளியே கோமதியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். என் தலைக்கு மேலே பெரிய விளக்கு.

பெரியப்பா போன் செய்தார். மாமாவின் உடம்பை விசாரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது, வேண்டிக்கோ என்றார். சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு வெளியே வந்தேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என் முகத்தைத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது உச்சியைப் பார்க்கிறார் என்று தோன்றியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அத்தை, மாமா நல்லபடியா எந்திரிச்சு வந்தா மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமாவிடமும் போய்ச் சொன்னார்கள். அடுத்த நாள் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது.

அவர் வீடு திரும்பிய அன்றே மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு போய் நின்றேன். மாமா கையை நீட்டி என் தலையைத் தொட்டார். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், கட்டிக்கப் போகிற பையன் எனக்காக முடி கொடுத்தான் என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கூசியது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தலையணையைப் பார்க்காமல் எழுந்தேன். வெட்கங்கெட்ட நிம்மதி அது.

மூன்று வாரம்தான். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிற உடம்பு, காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல் தூக்கியடித்தது. மறுபடி ஆஸ்பத்திரி. நாலு நாள் யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் கோமதி போன் செய்தாள். அப்பாவுக்காக முழு மொட்டை வேண்டிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வடபழனி போகிறேன், நீங்கள் கூட வந்தால் போதும் என்றாள். பூ முடி கொடுத்தால் போதாதா, மூன்று கத்தரிப்போடு முடிந்துவிடுமே என்று கேட்டேன். அவள் அம்மாவும் அதையேதான் சொல்லி அழுதாராம்.

“நீங்க முழுசா குடுத்தீங்க. உங்களுக்கு அவர் யாரு? நான் பெத்த பொண்ணு. நான் மூணு முடி குடுத்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்?”

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். வாயைத் திறக்காதே, பெண்பிள்ளைக்கு முடி வளரும், நமக்குத்தான் வளராது என்றார். அதைக் கேட்டுக்கொண்டும், வட்டம் தெரியாமலிருக்க வாரா வாரம் வீட்டிலேயே மழித்த தலையோடு சும்மாதான் வந்தேன்.

அறுபது, அறுபத்தொன்று

மண்டபத்தில் அறுபதைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் எழுந்து போனார். கோமதிக்குப் பக்கத்தில் இடம் காலியானது. போய் உட்கார்ந்தேன். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டேயிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, ஏன் இப்படி இருக்கிறீர்கள், உங்களுக்கா போடப் போகிறார்கள் என்று லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பேச வைத்தது.

“கோமதி, நான் வேண்டிக்கல.”

“என்னது?”

“மாமாவுக்காக வேண்டிக்கல. எனக்கு முடி கொட்டிப்போச்சு. அத மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அறுபத்தொன்று என்று குரல் கேட்டது.

அவள் என் தலையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

“முடி கொட்டுனது தெரியும்,” என்றாள். “பத்தாங்கிளாஸுக்கு மரபியல் நான்தான் எடுக்குறேன். உங்க வீட்டு போட்டோல எல்லா ஆம்பளைங்களும் எல்லா வருஷமும் மொட்டை. உங்க தாத்தாவுக்கு மட்டும் பிரஷ்ல போட்ட முடி. வைகாசி வெயில்ல ஃபேன நிறுத்தச் சொன்னீங்க. கைக்குட்டை கறுப்பாச்சு. நான் பாத்தேன்.”

பிறகு எதற்குச் சம்மதித்தாய் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“முடியவா கட்டிக்கப் போறேன்?”

அதைச் சொல்லும்போது கோபமில்லை. அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

“ஆனா வேண்டுதல் நெஜம்னு நெனச்சேன். கொட்டுற முடியா இருந்தாலும் எங்கப்பாவுக்காகன்னு நெனச்சுக் குடுத்தாரேன்னு நெனச்சேன். எங்கப்பா உயிர வச்சா மறைச்சீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறுபத்திரண்டைக் கூப்பிட்டார்கள். எழுந்துவிடு, வீட்டுக்குப் போகலாம், உன் முடி போக வேண்டாம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

“நான் உங்களுக்காக வேண்டிக்கல,” என்றாள். “நீங்க பொய் சொன்னா என் வேண்டுதலும் பொய்யாயிடுமா?”

அறுபத்து மூன்று. அவள் எழுந்தாள். காதுத் தோட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றினாள். பையில் போட்டால் நசுங்கும். சுற்றிலும் பார்த்தாள். தெரிந்தவர் யாருமில்லை. என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். தண்ணீரை ஊற்றித் தேய்த்தார்கள். முடியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார்கள். புது பிளேடை உடைத்துக் கத்தியில் செருகினார்கள். நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். என் தலையில் விழுந்த ஒவ்வொரு முடிக்கும் அழுதவன் நான். அவள் தலையிலிருந்து அவ்வளவும் ஒரே நேரத்தில் இறங்கியது. அவள் ஒரு சத்தம் போடவில்லை.

சந்தனம் பூசிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். இன்னிக்கே. நான் சொல்ல மாட்டேன்.”

ஆட்டோவில் மயிலாப்பூர் கிளம்பினோம். இரண்டு மொட்டையையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர்தான் பேச்சுக் கொடுத்தார்.

“இன்னா சார், ஜோடியா போட்டுகினு வர்றீங்க. வேண்டுதலா?”

“எனக்கு வேண்டுதல்,” என்றாள் கோமதி. “அவருக்கு இல்ல.”

அவர் அதற்கப்புறம் திரும்பவே இல்லை.

மாமா கேட்ட கேள்வி

மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமும்போது நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்திருந்தார். மகளைப் பார்த்ததும் அத்தை ஓவென்று அழுதார். மாமா அழவில்லை. மகளின் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, ரெண்டு பேருமா எனக்காக என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும் முன்னே நான் சொல்லிவிட்டேன். தாத்தா படத்திலிருந்து கறுப்புப் பொடி வரைக்கும், நின்றபடியே, ஒன்று விடாமல்.

அவருக்கு இருமல் வந்தது. தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமினார். அடங்கியதும், கொஞ்ச நேரம் கீழே இருங்க என்றார். கடையில் எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே போய் நின்றேன். பத்துப் பதினைந்து குடம். ஒவ்வொன்றிலும் என் மொட்டைத் தலை கோணல்மாணலாகத் தெரிந்தது.

கோமதி வந்து கூப்பிட்டாள். மேலே போனேன்.

“ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப கை காலெல்லாம் வெலவெலன்னு ஆயிடுச்சு,” என்றார் மாமா. “இன்னும் மாப்பிள்ளைகூட ஆகல, ஒரு புள்ள நமக்காக முடி குடுக்கிறேன்னு நிக்குது, பொழச்சுருவோம்னு நெனச்சுக்கிட்டேதான் கண்ண மூடினேன். இப்ப அது இல்லைங்கறீங்க.”

மூச்சு வாங்கினார்.

“அப்ப நான் எதப் பிடிச்சுக்கிட்டு உள்ள போனேன் மாப்ள?”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று மட்டும் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி அவள்தான் சொல்ல வேண்டும் என்று மகளைக் காட்டினார்.

கோமதி தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

“ஆவணில வேணாம். இது காது வரைக்கும் வளரட்டும். அதுக்குள்ள எனக்கு ஆறுதான்னு பாக்குறேன். ஆறலன்னா சொல்லிடுவேன்.”

வளர்ந்த முடி

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினோம். பெரியப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். மூன்று தலைமுறையாகக் காப்பாற்றிய மானத்தை ஒரே நாளில் வாங்கிவிட்டேனாம். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. நான் சொன்னது வெளியே தெரிந்தால் அவருடைய திருச்செந்தூரும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

பொடி டப்பாவைத் தூக்கி எறிந்தேன். மறுபடி மொட்டையும் போடவில்லை. காதோரம் முடி வந்தது, உச்சியில் வரவில்லை. அப்படியே மெத்தையில் உட்கார்ந்தேன். முதல் வாரம் உடம்பெல்லாம் கூசியது. தாத்தா காலத்துக்குப் பிறகு எங்கள் கடையில் எங்கள் குடும்பத்து ஆண் ஒருவன் சொட்டையோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாடிக்கைக்கார அம்மாள், தம்பிக்குப் போன வருஷம் நல்லா இருந்ததே என்று பரிதாபப்பட்டார். அது பொடி அம்மா என்றேன். அப்பா கல்லாவில் குனிந்துகொண்டார்.

மாமாவை நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு காலை மயிலாப்பூர் போய் அவரை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். முதல் இரண்டு வாரம் அவர் பேசவில்லை. மூன்றாவது வாரம் கையை என் தோளில் வைத்து நடந்தார். பிடிக்க ஏதாவது வேண்டுமே என்றார். குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

கோமதி கதவைத் திறப்பாள். வாங்க என்பாள். அவ்வளவுதான். நான் அவள் தலையைப் பார்ப்பேன். முதலில் நிழல் மாதிரி இருந்தது. புரட்டாசியில் பிரஷ் மாதிரி நின்றது. தீபாவளிக்கு நெற்றியில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோது, அப்பாவுக்காகக் கொடுத்தேன் என்று சொன்னாளாம். என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று மாமா சொன்னார்.

என் தலையில் முடி வளர வேண்டுமென்று நான் கும்பிடாத சாமி இல்லை. அந்த ஆறு மாதம் இன்னொரு தலையில் வளர வேண்டுமென்று கும்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் நிஜமாக வேண்டிக்கொண்டது அதுதான். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் சாமிக்குத் தெரியும்.

மார்கழிக் கடைசியில் முடி காதின் மேல்பக்கத்தைத் தொட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஆறவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். தை பிறந்தது. இரண்டு ஞாயிறு அவள் வீட்டில் இல்லை, பள்ளிக்கூட வேலை என்றார்கள். நான் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் கூட்டமில்லை. மெத்தையில் உட்கார்ந்து, யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போன புடவைகளைக் குனிந்து மடித்துக்கொண்டிருந்தேன். முன்னால் யாரோ வந்து நின்றார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று தலை நிமிராமலே கேட்டேன். என் உச்சியைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று மடித்துக்கொண்டேயிருந்தேன்.

பதில் வராததால் நிமிர்ந்தேன். கோமதி நின்றிருந்தாள். பின்னால் மாமா, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் தலையணை இல்லை.

அவள் ஒரு விரலால் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நிற்காமல் முன்னால் விழுந்தது. மறுபடி ஒதுக்கினாள். இந்தத் தடவை நின்றது.

“காது வந்துடுச்சு,” என்றாள். “முகூர்த்தப் பட்டு எடுத்துப் போடுங்க.”